கொடுத்த வாக்கின் எடை: ஆமிஷ் காதல் நாவல்கள் எப்படி இயங்குகின்றன?

அமெரிக்கப் புத்தகக் கடைகளில் கிறிஸ்தவப் புனைகதைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட அலமாரியின் முன் நின்றால், ஏறக்குறைய ஒரே சாயலில் அமைந்த அட்டைகள் வரிசையாகத் தெரியும். வெள்ளைத் துணித் தொப்பி அணிந்த இளம்பெண் ஒருத்தி எங்கோ பார்த்தபடி நிற்பாள். அவளுக்குப் பின்னால் சோள வயலோ, சிவப்பு வண்ணம் பூசிய களஞ்சியமோ, குதிரை வண்டியோ இருக்கும். இவைதாம் ஆமிஷ் காதல் நாவல்கள். இலட்சக்கணக்கில் விற்பவை, இலக்கியத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் திரும்பியும் பாராதவை.

இந்நாவல்களைப் பற்றிப் பேசுவோரிடம் இரண்டு எண்ணங்கள் பரவலாக உள்ளன. ஆமிஷ் மக்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிக்கொள்ளும் கதைகள் இவை என்பது ஒன்று. மின்சாரமும் கைப்பேசியும் இல்லாத பழைய வாழ்க்கைக்காக ஏங்குவோர் வாசிக்கும் கதைகள் என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் தவறு; இரண்டாவதில் பாதி உண்மை உண்டு. இக்கதைகளை நகர்த்தும் விசை, குதிரை வண்டியைக் காட்டிலும் ஞானஸ்நானத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கணிப்பு. அது எப்படி என்று விளங்க, அந்தச் சமூகத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆமிஷ் மக்கள் யார்?

1525 ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு சிறு குழுவினர், விவரம் அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் பொருளில்லை, வளர்ந்தவர் தாமே கேட்டுப் பெறுவதே உண்மையான ஞானஸ்நானம் என்று கூறி, ஒருவருக்கொருவர் மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டனர். இவ்வழி வந்தவர்களை அனபாப்டிஸ்டுகள் என்பர். கத்தோலிக்க அரசுகளும் புரோட்டஸ்டண்டு அரசுகளும் அவர்களைத் துரத்தித் துரத்தித் தண்டித்தன. பலர் நீரில் அமிழ்த்தியும் தீயிலிட்டும் கொல்லப்பட்டனர். ஞானஸ்நானம் பெறுவது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்த காலம் அது.

1693 ஆம் ஆண்டளவில், சுவிட்சர்லாந்திலும் அல்சாஸ் பகுதியிலும் வாழ்ந்த அனபாப்டிஸ்டுகளுக்குள்ளேயே ஒரு பிளவு ஏற்பட்டது. சபையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவரைத் திருவிருந்தில், அதாவது வழிபாட்டில் அப்பமும் இரசமும் பகிரும் சடங்கில், சேர்க்காமல் விடுவது மட்டும் போதாது, அவரோடு வீட்டு மேசையிலும் ஒன்றாக அமர்ந்து உண்ணக் கூடாது என்று யாக்கோப் அம்மான் என்ற மூப்பர் வற்புறுத்தினார். அவர் பக்கம் நின்றவர்களே ஆமிஷ் என்று அழைக்கப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் பென்சில்வேனியாவுக்குக் குடியேறத் தொடங்கினர். இன்று வட அமெரிக்காவில் ஏறக்குறைய 4 இலட்சம் பேர் உள்ளனர். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் மாவட்டம், ஒஹாயோவின் ஹோம்ஸ் மாவட்டம், வடக்கு இந்தியானா ஆகியவை அவர்கள் நெருக்கமாக வாழும் இடங்கள். வீட்டில் ஜெர்மன் கிளைமொழி ஒன்றைப் பேசுகிறார்கள். வெளியாரையெல்லாம், அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், ‘இங்கிலீஷ்காரர்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஒவ்வொரு சபையும் தன் உறுப்பினர் எப்படி உடுக்க வேண்டும், எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று வகுத்துக்கொண்ட நெறிமுறைக்கு ஓர்ட்னுங் என்று பெயர். அதன் பெரும்பகுதி எழுதப்படாதது. ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன்னால், சபையார் அனைவரும் அதற்கு இசைவு தெரிவிக்கிறார்கள். மின்சாரம் பாவம் என்று ஆமிஷ் மக்கள் நம்புவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான சபைகள் தவிர்ப்பது ஊர்ப் பொது மின்கம்பியோடு வீட்டை இணைப்பதைத்தான்; மின்கலத்தையும் காற்றழுத்தத்தில் ஓடும் இயந்திரங்களையும் பல சபைகள் அனுமதிக்கின்றன. ஒரு கருவி வீட்டுக்குள் வந்தால் குடும்பமும் சபையும் என்ன ஆகும் என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

வாக்குக்கு முன்பும் பின்பும்

நாவல்களைப் புரிந்துகொள்ள மிகவும் தேவையான செய்தி இனித்தான் வருகிறது. ஆமிஷ் குடும்பத்தில் பிறந்த பிள்ளை ஆமிஷ் சபையின் உறுப்பினர் அல்லர். ஏறத்தாழ 18 முதல் 22 வயதுக்குள், ஒரு கோடைகாலம் முழுவதும், 1632 ஆம் ஆண்டின் டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 18 பிரிவுகளையும் போதகர்களிடம் பயின்று, பின்னர் சபையின் முன்னால் முழங்காலிட்டு வாக்குக் கொடுத்து ஞானஸ்நானம் பெற்றால்தான் உறுப்பினராக முடியும். மணமக்கள் இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருந்தால் மட்டுமே சபை திருமணம் செய்து வைக்கும்.

வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் வெளியேறிவிட்டால், பெற்றோர் வருந்துவார்கள், ஆனால் அவருக்குத் தண்டனை ஏதும் கிடையாது. விடுமுறைக்கு வரலாம், ஒரே மேசையில் அமர்ந்து உண்ணலாம். வாக்குக் கொடுத்த பின்னர் வெளியேறுபவருக்கோ சபை விலக்கு விதிக்கப்படுகிறது. சபை விலக்கு என்பது, நீக்கப்பட்டவரோடு உணவு மேசையைப் பகிர்வதையும் கொடுக்கல் வாங்கலையும் உறுப்பினர்கள் தவிர்ப்பது. அவரோடு பேசவே கூடாது என்பதில்லை. கடுமையும் ஊருக்கு ஊர் வேறுபடும். அவர் திரும்பி வந்து முழங்காலிட்டுத் தம் தவற்றை அறிக்கையிட்டால் சபை மீண்டும் ஏற்றுக்கொள்ளும். அம்மானின் காலத்திலிருந்தே விலக்கின் நோக்கம் இதுதான் என்று சொல்லப்படுகிறது.

பதினாறு வயதில் தொடங்கி ஞானஸ்நானம் வரை நீளும் இளமைப் பருவத்தை ரும்ஸ்பிரிங்கா என்கிறார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இதை மதுவும் கூத்துமாகவே காட்டிப் பழக்கிவிட்டன. அப்படி நடந்துகொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள்தான். ஆயினும் பெரும்பாலோருக்கு அது ஞாயிறு மாலைகளில் ஏதோ ஒரு வீட்டில் கூடிப் பாட்டுப் பாடுவதும், பிறகு ஒருவன் தன் வண்டியில் ஒருத்தியை அவள் வீட்டில் கொண்டுபோய் விடுவதுமாகிய காலம். ஐவரில் நால்வருக்கும் அதிகமானோர் இறுதியில் ஞானஸ்நானம் பெற்று உள்ளேயே இருந்துவிடுகிறார்கள்.

சுருக்கமாக: ஆமிஷ் என்பது பிறப்பால் மட்டும் வருவதன்று, வயது வந்தபின் கொடுக்கும் வாக்கால் நிலைபெறுவது, அந்த வாக்குக்கு முன்னால் விலகுவதும் பின்னால் விலகுவதும் முற்றிலும் வெவ்வேறு செயல்கள்.

இந்நாவல்கள் எங்கிருந்து வந்தன?

ஆமிஷ் மக்களைப் பற்றிய கதைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளிவந்தன. ஆனால் இன்று நாம் காணும் வகைமை 1997 இல் பெவர்லி லூயிஸ் எழுதிய ‘தி ஷன்னிங்’ என்ற நாவலிலிருந்தே கணக்கிடப்படுகிறது. பரணில் ஒளித்து வைத்திருந்த பட்டுக் குழந்தைச் சட்டை ஒன்றைக் கண்டெடுக்கும் பெண், தன் பிறப்பைப் பற்றிய உண்மையை அறிவதும், சபை விலக்குக்கு ஆளாவதும் அதன் கதை. பத்து இலட்சம் படிகளுக்கும் மேல் விற்றது. சபை விலக்கு நாவலின் பெயராகவே அமைந்தது தற்செயல் அன்று என்பதைப் பின்னர் காண்போம்.

அடுத்த சில ஆண்டுகளில் வேறு எழுத்தாளர்களும் பதிப்பகங்களும் இறங்கின. 2012 இல் மட்டும் 85 புதிய ஆமிஷ் காதல் நாவல்கள் வெளியாயின, அதாவது ஏறக்குறைய நான்கு நாள்களுக்கு ஒன்று என்று, இத்துறையை ஆராய்ந்த வலேரி வீவர்-சர்ச்சர் கணக்கிட்டார். 2013 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவரது நூல், இவ்வகை நாவல்களைக் கேலி செய்யாமல் ஆராய்ந்த முதல் பெரிய முயற்சி.

எழுதுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆமிஷ் அல்லர்; வாசிப்பவர்களும் அவ்வாறே. ஆமிஷ் பெண்கள் சிலர் எழுதவும் செய்கிறார்கள், வாசிக்கவும் செய்கிறார்கள். ஆனால் சந்தையைத் தாங்கி நிற்பவர்கள் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவப் பெண்கள். இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவம் என்பது, வேதாகமத்தை முதன்மையாகக் கொண்டு, ஒவ்வொருவரும் தனிப்பட்ட முறையில் இயேசுவை ஏற்று ‘மறுபடியும் பிறக்க’ வேண்டும் என்று வலியுறுத்தும் புரோட்டஸ்டண்டுப் போக்கு. இந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தடை இல்லையேல் கதை இல்லை

சடுகுடு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நடுக்கோடு ஒன்று இருக்கிறது. கோட்டைத் தாண்டிச் செல்பவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். கோட்டையும் மூச்சுக் கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டால், மிஞ்சுவது சிலர் அங்குமிங்கும் ஓடுவது மட்டுமே; யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். ஆட்டத்தின் சுவை முழுவதும், மீறினால் இழப்பு உண்டு என்ற விதியிலிருந்து வருகிறது.

காதல் கதைக்கும் அப்படியொரு கோடு வேண்டும். இருவர் விரும்புகிறார்கள், சேர்ந்துவிட்டார்கள் என்றால் இரண்டு பக்கத்தில் முடிந்துபோகும். பழைய நாவலாசிரியர்களுக்குத் தடை தேடும் கவலை இருந்ததில்லை. குலம், சொத்து, தந்தையின் சொல், ஊர்ப்பழி என்று எத்தனையோ இருந்தன. இன்றைய அமெரிக்க நகரத்தில் வளர்ந்த ஓர் ஆணும் பெண்ணும் காதலித்தால், சட்டமோ சமூகமோ குறுக்கே நிற்பது அரிது. ஆகவே தற்கால நாவலாசிரியர் தடையை மனத்துக்குள் தேட வேண்டியிருக்கிறது: பழைய காதலின் காயம், உறவில் சிக்க அஞ்சுதல், யாரோ சொன்ன ஒரு பொய். திறமையான எழுத்தாளரிடம் இவை நன்றாகவே வேலை செய்யும். திறமை குறைந்தவரிடம், ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துபோகும் தகராறை முந்நூறு பக்கத்துக்கு இழுப்பதாகத் தோன்றும்.

ஆமிஷ் பின்னணி இந்தக் குறையை ஒரே அடியில் தீர்த்துவிடுகிறது. இங்கே தடை மெய்யானது, வெளியே இருப்பது, எல்லாக் கதைமாந்தரும் அறிந்தது. ஒருத்திக்கு ரேச்சல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவள் சென்ற இலையுதிர்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டாள். பக்கத்து ஊர்த் தச்சுப்பட்டறைக்கு மரம் கொண்டுவரும் ‘இங்கிலீஷ்கார’ இளைஞன் மீது அவளுக்கு மனம் போகிறது. அவனை மணந்தால் தாயின் மேசையில் அவளுக்கு இடமில்லை, மணக்காவிட்டால் அவனில்லை. இவ்விரண்டில் எதைத் தேர்ந்தாலும் இழப்பு நிச்சயம். இதே ரேச்சல் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை என்று ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்: வெளியேறினாலும் அவள் வீட்டுக்கு வந்து போகலாம், துயரம் இருக்கும், பிரிவு இராது. ஒரே சடங்கின் தேதியை முன்பின்னாக நகர்த்துவதன் மூலமே கதையின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் எழுத்தாளரால் முடிகிறது.

அனுபவமுள்ள வாசகர்கள் இதைத் துல்லியமாக அறிவார்கள். ஊரைவிட்டுப் போன காதலன் ஆறு ஆண்டுக்குப் பின் ஜீன்ஸ் அணிந்து திரும்பி வருகிறான் என்றால், அவர்கள் முதலில் தேடும் விடை, போகும்போது அவன் ஞானஸ்நானம் பெற்றிருந்தானா என்பதுதான். சபை விலக்கு என்ற கொள்கையிலிருந்தே ஆமிஷ் மக்கள் 1693 இல் தனிக் குழுவாயினர். அதே கொள்கையிலிருந்து, முந்நூறு ஆண்டுக்குப் பின், ஒரு நாவல் வகைமையும் பிறந்தது.

வேறு கதைக் கட்டுமானங்களும் உண்டு: மனைவியை இழந்து தாயில்லாப் பிள்ளைகளோடு நிற்கும் ஒருவன், பிள்ளைகளுக்காக ஒருத்தியை மணந்து பின்னர் அவளை நேசிக்கக் கற்றுக்கொள்வது, நகரத்துப் பெண் விபத்திலோ தலைமறைவாகவோ ஆமிஷ் வீட்டில் வந்து தங்குவது. சமூக வழக்கங்களும் கைகொடுக்கின்றன. லான்காஸ்டர் பகுதியில் காதலர்கள் தம் உறவை வெளியே காட்டிக்கொள்வதில்லை. திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் சபையில் அறிவிக்கும்போதுதான் ஊருக்குத் தெரியும். அறுவடை முடிந்தபின் வரும் திருமண விருந்துக்குச் செலரிக் கீரை நிறைய வேண்டும் என்பதால், ஒரு வீட்டுத் தோட்டத்தில் வழக்கத்துக்கு மேல் செலரி நட்டிருந்தால் அக்கம்பக்கத்தார் கண்ணால் பேசிக்கொள்வார்கள். நாவலாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

இதுவரை கண்டது: தடையே காதல் கதையின் எந்திரம், மற்ற இடங்களில் தேய்ந்துபோன தடை ஆமிஷ் ஊரில் முழு வலுவோடு நிற்கிறது.

மூன்றாம் ஆள்

தடை மட்டுமே போதுமென்றால், கடுமையான கட்டுப்பாடுள்ள எந்தச் சமூகமும் இந்த இடத்தை நிரப்பியிருக்கும். இவ்வாசகர்கள் ஆமிஷ் ஊரையே நாடுவதற்குக் காரணம், விசுவாசக் காதல் நாவல் என்ற பெரிய வகைமைக்குள் இது அடங்குவது. விசுவாசக் காதல் நாவல் என்பது, காதலர் ஒன்றுசேர்வதும் அவர்களுள் ஒருவராவது கடவுளோடு ஒப்புரவாவதும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்படி எழுதப்பட்ட கதை. உடலுறவுக் காட்சிகளும் வசைச்சொற்களும் இருக்கக் கூடாது என்பது வெளித்தெரியும் விதி. அதைவிட முக்கியமான உள்விதி ஒன்று உண்டு: சிக்கல், கதாநாயகியின் சாமர்த்தியத்தாலோ காதலனின் வீரத்தாலோ தீரக் கூடாது. அவள் ‘என் விருப்பமல்ல, உம்முடைய சித்தம்’ என்று விட்டுக்கொடுக்கும் இரவுக்குப் பிறகுதான் வழி திறக்க வேண்டும்.

ஆகவே இக்கதைகளில் எப்போதும் மூவர் இருக்கிறார்கள்: அவள், அவன், கடவுள். காதலன் விரும்பினால் மட்டும் போதாது; அந்த விருப்பம் கடவுளின் சித்தமா என்று அவள் அறிய வேண்டும். ஆமிஷ் அல்லாத வாசகிக்கு இது அந்நியமான கேள்வியன்று. யாரை மணப்பது, எந்த வேலையை ஏற்பது என்பதையெல்லாம் ஜெபத்தில் வைத்துத் தீர்மானிக்கும் சபைகளில் வளர்ந்தவள் அவள். பொதுச் சந்தையின் காதல் நாவல்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இங்கே கதாநாயகி பக்கத்துக்குப் பக்கம் அதையே கேட்கிறாள், யாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பதுமில்லை. தன் அகவாழ்க்கையைப் பொருட்படுத்தும் கதை கிடைத்த நிறைவு, இந்த ஈர்ப்பின் பெரும்பகுதி.

இது யாருடைய விசுவாசம்?

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவதும் அதுதான். நாவலில் ஆமிஷ் உடை அணிந்து நிற்கும் பெண்ணின் உள்ளே இருக்கும் விசுவாசம், பெரும்பாலும் ஆமிஷ் விசுவாசமன்று.

இவாஞ்சலிக்கல் சபைகளில் ‘இரட்சிப்பின் நிச்சயம்’ என்று ஒரு போதனை உண்டு: இயேசுவை ஏற்றுக்கொண்டவர், தாம் மீட்கப்பட்டுவிட்டதை இப்போதே உறுதியாக அறியலாம் என்பது அதன் பொருள். பழைய முறை ஆமிஷ் மக்களுக்கு இப்படிச் சொல்வது தற்பெருமையாகத் தோன்றும். இறுதித் தீர்ப்பு கடவுளுடையது. நாம் செய்யக்கூடியது கீழ்ப்படிந்து வாழ்ந்து, அவர் இரக்கத்தை நம்பியிருப்பது மட்டுமே என்பார்கள். இந்த விட்டுக்கொடுக்கும் மனநிலைக்கு அவர்கள் மரபில் கெலாசென்ஹைட் என்று பெயர். தன் முனைப்பை அடக்கி, கடவுளுக்கும் சபைக்கும் பணிந்திருத்தல். அவர்களது ஜெபமும் பெரும்பாலும் மௌனமானது அல்லது பழைய ஜெர்மன் ஜெபநூலிலிருந்து வாசிப்பது. வெளியாரைத் தம் சபைக்கு மாற்ற அவர்கள் முயல்வதில்லை.

நாவல்களிலோ, கதாநாயகி வயல் வரப்பில் நடந்தபடி, தோழியோடு பேசுவதுபோலக் கடவுளோடு சொந்தச் சொற்களில் பேசுகிறாள். பல கதைகளில் அவள் ஒளித்துவைத்த ஆங்கில வேதாகமத்தை வாசித்து, விதிகளைக் கடைப்பிடிப்பதைக் காட்டிலும் இயேசுவோடு தனிப்பட்ட உறவு மேலானது என்று ‘கண்டுபிடிக்கிறாள்’. பேராயர் விறைப்பான மனிதராகவும், ஓர்ட்னுங் உயிரற்ற சட்டமாகவும் வந்து நிற்கும். வேறு சில நாவல்கள் இன்னும் நுட்பமாக, சபை முழுவதையுமே இவாஞ்சலிக்கல் சபைபோல ஆக்கிவிடுகின்றன.

இதைப் பொய் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வாசகிக்கு இரண்டு இன்பங்கள் ஒன்றாகக் கிடைப்பதை இது விளக்குகிறது. அயலான ஊர், அயலான உடை, அயலான சமையல் ஆகியவற்றால் வரும் புதுமை ஒரு பக்கம். தான் ஞாயிறுதோறும் கேட்கும் அதே நம்பிக்கை மறுபக்கம். முற்றிலும் அயலாக இருந்திருந்தால் அவள் தன்னை அதில் வைத்துப் பார்த்திருக்க முடியாது. முற்றிலும் பழகியதாக இருந்திருந்தால் நாவல் தேவைப்பட்டிருக்காது.

வேகத்திலிருந்து ஓர் ஒதுக்கம்

இரண்டாவது எண்ணத்தில் பாதி உண்மை உண்டு என்று சொன்னேன். வீவர்-சர்ச்சர் தம் நூலில், எல்லை மீறி விரைந்துவிட்ட நவீன வாழ்க்கை, எங்கும் பாலியலைக் காட்டி விற்கும் பண்பாடு ஆகிய இரண்டையும் காரணங்களாகக் காட்டுகிறார். இவற்றால் களைத்தவர்களுக்கு, மெதுவாக நகரும் ஊரும் தொடாமலே வளரும் காதலும் இளைப்பாறுதல் தருகின்றன என்பது அவர் வாதம். ஒரு கைவிரல் தற்செயலாகப் படுவது ஒரு முழு அத்தியாயத்துக்குரிய நிகழ்ச்சியாகும் கதையில், காத்திருத்தலுக்கு மதிப்புக் கூடுகிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெதுவான ஊர் மட்டும் வேண்டுமென்றால் பழைய காலத்துப் பண்ணைக் கதைகளே போதும், அவற்றுக்கும் பஞ்சமில்லை. ஆமிஷ் கதை அவற்றினும் மேலாகத் தருவது, இந்தக் காலத்திலேயே, நெடுஞ்சாலையில் அரை மணி நேரத் தொலைவில், அப்படி வாழ்பவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள் என்ற உணர்வை.

அந்த உணர்வு ஒருமுறை மிகக் கொடிய வழியில் உறுதிப்பட்டது. 2006 அக்டோபர் 2 அன்று, லான்காஸ்டர் மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸ் ஊரில், ஆமிஷ் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் சுட்டதில் ஐந்து சிறுமிகள் இறந்தனர். சுட்டவனும் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தான். அன்று மாலையே ஆமிஷ் மக்கள் சிலர் அவனது குடும்பத்தாரிடம் சென்று, தாங்கள் மன்னித்துவிட்டதாகக் கூறினர். அவனது அடக்கத்துக்கும் சென்றனர். உலகெங்கும் செய்தியான அந்த மன்னிப்பு, ஏற்கெனவே கெலாசென்ஹைட்டில் பயின்ற ஒரு சமூகத்தின் பழக்கம். அதன்பின் ஆமிஷ் மக்கள் மீது பொதுமக்களின் கவனம் பெருகியது.

கதைக்குள் வராதவை

இந்நாவல்களை ஆமிஷ் வாழ்க்கையின் அறிமுகமாகக் கொள்வது சரியன்று. கதைகளில் எல்லாரும் உழவர்; உண்மையில் பல பகுதிகளில் உழவை நம்பி வாழும் குடும்பங்கள் சிறுபான்மை. வடக்கு இந்தியானாவில் ஏராளமான ஆமிஷ் ஆண்கள், வீட்டோடு பயணிக்கும் பெரிய ஊர்திகளைக் கட்டும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972 இல் சமய உரிமையாக ஏற்றது. அதனால் வெளியேறியபின் வேலை தேடித் திணறுவோரின் கதை அட்டைப் படத்துக்கு ஏற்றதன்று. குடும்பத்துக்குள் நடந்த வன்முறையைச் சபைக்குள்ளேயே பேசி மூடிவிட்டதாக வெளியேறிய பெண்கள் சிலர் பொதுவில் கூறியிருப்பதும் இவ்வலமாரியில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இவ்வகையை முதன்முறை எடுத்துப் பார்ப்பவருக்கு ஒரு வழி சொல்லலாம். நாவலில் ஞானஸ்நானம் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். கதை தொடங்குமுன்பே அது நடந்து முடிந்திருந்தால், நீங்கள் வாசிக்கப்போவது இழப்பைப் பற்றிய நாவல். இறுதி அத்தியாயத்தில் வந்தால், தேர்வைப் பற்றிய நாவல். அது வரவே இல்லையென்றால், ஆசிரியருக்குத் தேவைப்பட்டது தொப்பியும் வண்டியும் மட்டுமே. அத்தகைய நாவலை நான் பாதியில் மூடி வைத்துவிடுவேன்.